அக்கா மகன் செய்த வெப்சைட்டில் 22 குறை: எப்படிச் சொல்வது?

கேள்வி: என் அக்கா சிங்கப்பூர் ஈசூனில் வீட்டிலிருந்தே முறுக்கு, அதிரசம், ஓமப்பொடி செய்து விற்கிறார். இதுவரை எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் நடந்தது. பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கும் அவருடைய மகன் இந்தத் தீபாவளிக்காக, யூடியூப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டு, ஒரு வெப்சைட் செய்திருக்கிறான். குடும்ப குரூப்பில் லிங்க் போட்டதும் எல்லோரும் 'சூப்பர்டா' என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு மட்டும் தனியாக, "மாமா, நீங்க ஐ.டி.ல இருக்கீங்க, உண்மையைச் சொல்லுங்க" என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறான். உட்கார்ந்து பார்த்ததில் 22 குறைகள் எழுதிவிட்டேன், பட்டியலையும் லிங்க்கையும் இணைத்திருக்கிறேன். இதை அப்படியே அனுப்பினால் பையன் சோர்ந்துவிடுவான், அனுப்பாவிட்டால் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும். என்ன செய்ய? இவன் இதையே தொழிலாக எடுத்துக்கொள்ளலாமா என்றும் அக்கா கேட்கிறார்.
ஒரு தாய்மாமன், ஈசூன்

பதில்: பட்டியலை அனுப்பாதீர்கள். ஆனால் அதில் ஒரு விஷயத்தை மட்டும் இன்றைக்கே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள். நீங்கள் 17-ஆவதாக 'ஃபார்ம் ரொம்ப நீளம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குள்தான் இருக்கிறது. ஆர்டர் ஃபார்மில் பெயர், கைபேசி எண்ணுக்குக் கீழே அடையாள அட்டை எண் என்று ஒரு கட்டம், அதுவும் நிரப்பாமல் மேலே போக முடியாத கட்டம். அரைக் கிலோ முறுக்கு வாங்க ஐ.சி. நம்பர் எதற்கு? ஏதோ ஒரு பதிவுப் படிவத்தைப் பார்த்து அப்படியே போட்டிருக்கிறான், வேறு எண்ணம் ஒன்றும் இருக்காது. ஆனால் சட்டம் கேட்கிறது என்றாலோ, ஆள் இன்னார்தான் என்று துல்லியமாக உறுதி செய்தே ஆகவேண்டும் என்றாலோ தவிர, 2019 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூரில் நிறுவனங்கள் ஐ.சி. எண்ணைக் கேட்டு வாங்கக் கூடாது. இதைச் சொல்ல முன்னுரை, பாராட்டு எதுவும் வேண்டாம். "தம்பி, அந்தக் கட்டத்தை எடுத்துடு, ஏற்கெனவே யாராவது நிரப்பியிருந்தா அதையும் அழிச்சிடு" என்று ஒரு வரி போதும். அப்படியே, தொடர்புப் பக்கத்தில் அக்காவின் வீட்டு எண் வரைக்கும் போட்டிருக்கிறான், அதையும் எடுக்கச் சொல்லுங்கள். புளோக் எண் போதும், மீதியை ஆர்டர் உறுதியான பிறகு வாட்ஸ்அப்பில் கொடுத்துக்கொள்ளலாம்.

மீதி 21-ஐயும் படித்தேன். கவனமாகத்தான் பார்த்திருக்கிறீர்கள், ஆனால் அதில் பாதிக்கு மேல் உங்கள் ரசனை பேசுகிறது. 'ஊதா பலகாரத்துக்கு எடுபடவில்லை', 'கோலம் பழைய ஸ்டைல்', 'லோகோவில் நெளிவு அதிகம்', 'நானாக இருந்தால் மெனுவை வேறு மாதிரி வைத்திருப்பேன்'. நீங்களாக இருந்தால் வைத்திருப்பீர்கள், சரி, செய்தது அவனாயிற்றே. கற்றுக்கொள்ள ஆரம்பித்த பிள்ளையிடம் ரசனையையும் பிழையையும் ஒரே பட்டியலில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கொடுத்தால் எது எதென்று பிரிக்க அவனுக்குத் தெரியாது, கோலத்தை மாற்ற ஒரு சனி ஞாயிறு முழுக்கச் செலவழித்துவிட்டு விலையே தெரியாத பக்கத்தை அப்படியே விட்டுவிடுவான், கோலம் மாற்றுவதுதானே சுலபம். அதனால் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரே கேள்வியைப் போட்டுப் பாருங்கள்: முறுக்கு வாங்க வந்தவர் இதனால் எங்காவது தடுமாறுவாரா, வாங்காமல் போய்விடுவாரா? இல்லை என்றால் அடித்துவிடுங்கள். நான் அடித்துப் பார்த்தேன், நான்கைந்துதான் தேறின. சில உங்கள் பட்டியலிலேயே இல்லை, அவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

சைட்டை நான் கைபேசியில் திறந்தேன். அக்காவிடம் வாங்குகிறவர்கள் அதில்தான் திறப்பார்கள், எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டோ, அடுப்படியில் ஒரு கையில் கரண்டியோடோ. நீங்கள் லேப்டாப்பில் பார்த்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. முதல் திரை முழுக்க ஐந்து படம் மாறி மாறி வருகிறது, விளக்கு, ரங்கோலி, மறுபடி விளக்கு. விலை வேண்டுமென்றால் மூலையில் இருக்கும் மூன்று கோடுகளைத் தட்டி, 'எங்கள் தயாரிப்புகள்' போய், அதற்குள் 'விலைப்பட்டியல்' போனால் அங்கே கேன்வா என்ற வடிவமைப்புச் செயலியில் செய்த ஒரு படம் இருக்கிறது. படம்! எழுத்து இல்லை. கைபேசி அகலத்துக்கு அது சுருங்கிப்போய், 'அதிரசம் 10 துண்டு' என்பதற்கு எதிரே எத்தனை வெள்ளி என்று இரண்டு விரலால் விரித்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. கூகுளில் யாராவது அதிரசம் தேடினால் படத்துக்குள் இருக்கும் எழுத்து அகப்படும் என்று நம்ப முடியாது, பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பக்கத்தை வாசித்துக்காட்டும் செயலிக்கும் அது வெறும் படம்தான், நாளைக்கு எண்ணெய் விலை ஏறி அக்கா 50 காசு கூட்டினால் பையன் மறுபடி கேன்வாவைத் திறந்து உட்கார வேண்டும். விலையை எழுத்தாக, முதல் பக்கத்திலேயே, ஒவ்வொரு பலகாரத்துக்கும் ஒரு படம், ஒரு விலை, ஓர் ஆர்டர் பட்டன் என்று கொண்டுவந்துவிட்டால் இந்தச் சைட்டின் முக்கால்வாசிப் பிரச்சினை தீர்ந்தது.

அடுத்தது அந்தத் தங்க நிறம். விலைப்பட்டியலிலும் சரி, தலைப்புகளிலும் சரி, வெள்ளைப் பின்னணியில் தங்க எழுத்து. இங்கேதான் 'கலர் நல்லா இல்ல' என்று சொல்லத் தோன்றும், சொன்னால் ரசனைச் சண்டை ஆகிவிடும், "எனக்குப் பிடிச்சிருக்கே மாமா" என்பான், பேச்சு அங்கேயே முடிந்தது. ஆனால் இதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. எழுத்தின் ஒளிர்வுக்கும் பின்னணியின் ஒளிர்வுக்கும் உள்ள விகிதம் சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 இருக்க வேண்டும் என்று, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் வழிகாட்டி 2008-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்தே சொல்லிவருகிறது. வெள்ளைமேல் கறுப்பு என்றால் 21, வெள்ளைமேல் வெள்ளை என்றால் 1. வழக்கமான தங்க நிறத்தை வெள்ளைமேல் வைத்துக் கணக்குப் பார்த்தால் 1.4 வருகிறது. கணக்குப் போட்டுத்தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன, நீங்கள் போட்டுக்காட்டாமல் அவனையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், 1.4 என்று அவன் கண்ணாலேயே பார்த்துவிட்டால் அப்புறம் விவாதத்துக்கே இடமில்லை. அதற்காகத் தங்கத்தைக் கைவிடச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. பின்னணியை நல்ல அரக்கு நிறமாக்கி அதே தங்கத்தை அதன்மேல் வைத்தால் விகிதம் ஏழைத் தாண்டிவிடும், பார்க்கவும் பட்டுப்புடவைக் கரை மாதிரி இருக்கும். அவன் ஆசைப்பட்ட நிறமும் நிற்கிறது, விலையும் தெரிகிறது. யோசனை சொல்வதென்றால் எனக்கு இந்த வகைதான் பிடிக்கும், அவன் போக நினைத்த பக்கமே இன்னும் கொஞ்சம் நன்றாகப் போக வழி காட்டுவது.

தமிழ் எழுத்து விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அவன் பார்த்த யூடியூப் பாடங்கள் அநேகமாக ஆங்கிலப் பக்கத்தை வைத்துச் சொல்லிக்கொடுப்பவை, இதெல்லாம் அங்கே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அதனால் இவனைக் குறை சொல்லவும் முடியாது. கடைப் பெயருக்கு அழகான ஓர் எழுத்துருவைத் தேர்ந்திருக்கிறான், அதில் தமிழ் எழுத்துகளே கிடையாது. விளைவு, ஆங்கிலப் பெயர் சுழித்துச் சுழித்து அலங்காரமாக வருகிறது, அதன் கீழே தமிழ்ப் பெயர் கைபேசியில் இருக்கும் ஏதோ ஓர் எழுத்துருவில் சம்பந்தமே இல்லாமல் நிற்கிறது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரான் என்று கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகவே நல்ல தமிழ் எழுத்துருக்கள் கிடைக்கின்றன, முக்தா மலரிலும் கேட்டமரானிலும் ஆங்கில எழுத்தும் கூடவே வரும் என்பதால் இரண்டு மொழியும் ஒட்டி நிற்கும். வரி இடைவெளியும் ஆங்கிலத்துக்கு வைத்ததுதான், எழுத்தளவைப் போல 1.2 மடங்கு. தமிழில் மேலே 'கீ'யின் சுழி, கீழே 'று'வின் வால், இரண்டும் அந்த இடைவெளியில் முட்டிக்கொள்கின்றன. 'முறுக்கு' என்பதை மேல் வரியிலும் 'கீரை வடை' என்பதைக் கீழ் வரியிலும் போட்டு அவனையே பார்க்கச் சொல்லுங்கள், 1.6 அல்லது 1.7 வைத்தால் மூச்சு விடும். பத்தியின் இரண்டு ஓரத்தையும் நேராக்கி வைத்திருக்கிறானே, அதையும் இடது ஓரத்துக்கு மாற்றச் சொல்லுங்கள், நம் சொற்கள் நீளம் என்பதால் கைபேசியில் ஒரு வரிக்கு இரண்டு சொல்தான் வருகிறது, நடுவில் பெரிய பள்ளம் விழுகிறது.

அப்புறம் அந்தப் பட்டன். சின்ன ஆங்கிலச் சொல்லுக்கு வெட்டிய அளவில் 'தொடர்புகொள்ளுங்கள்' என்று எழுதி, சொல் எங்கே வேண்டுமானாலும் உடையலாம் என்று அமைத்திருக்கிறான் போல. என் கைபேசியில் கடைசி 'ள்' மட்டும் தனியாக அடுத்த வரியில் தொங்குகிறது! 'அழைக்க' என்று போட்டால் முடிந்தது. 1995-இலேயே எழுத்தாளர் நா. கோவிந்தசாமியும் இங்கே தேசியப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர்களும் சேர்ந்து தமிழ்க் கவிதையை இணையத்தில் ஏற்றிக் காட்டிய ஊர் இது, இங்கே ஒரு முறுக்குக் கடைத் தமிழ்கூட இப்படி நிற்கக் கூடாது என்பது என் பிடிவாதம், நீங்கள் இதைப் பையனிடம் சொல்ல வேண்டியதில்லை.

மற்றவை சில்லறை. புகைப்படங்களைக் கைபேசியிலிருந்து அப்படியே ஏற்றியிருக்கிறான், ஒவ்வொன்றும் நாலைந்து எம்பி, அகலத்தை 1,600 பிக்சலுக்குக் குறைத்துச் சேமித்தால் சில நூறு கேபிக்கு வந்துவிடும், கைபேசியில் வித்தியாசம் தெரியாது. வாட்ஸ்அப் எண்ணைத் தட்டினால் ஒன்றும் நடப்பதில்லை, வெறும் எழுத்தாக இருக்கிறது, முன்னால் 65 சேர்த்து நேரடி லிங்க் ஆக்கிவிடலாம், சின்ன வேலை. 'எங்களைப் பற்றி' பக்கத்தில் டெம்ப்ளேட்டோடு வந்த லத்தீன் வரிகள் இன்னும் இருக்கின்றன, எழுத ஒன்றும் இல்லையென்றால் பக்கத்தையே எடுத்துவிடலாம். இன்னொன்று, உங்களுக்கே தெரிந்திருக்காது, பக்கத்துக்குள் நாதஸ்வர இசை ஒன்று தானாக ஓடும்படி வைத்திருக்கிறான். சத்தத்தோடு தானாக ஓடுவதை குரோம் 2018-லிருந்து பொதுவாகத் தடுத்துவிடுகிறது, அடிக்கடி போய்வருகிற சைட் என்றால் கணினியில் சில சமயம் விட்டுவிடும், ஆக அவன் லேப்டாப்பில் அவனுக்கு மட்டும் நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருக்கலாம், பாவம்.

சரி, எப்படிச் சொல்வது? குரூப்பில் வேண்டாம், அது உங்களுக்கே தெரியும். நீளமான மெசேஜும் வேண்டாம், அதை ராத்திரி படுக்கையில் திரும்பத் திரும்பப் படிப்பான். நேரில் போங்கள். சைட்டை இதுவரை பார்க்காத ஒருவரை, அக்காவின் தோழியோ பக்கத்து வீட்டு ஆன்ட்டியோ, கூப்பிட்டு உட்கார வைத்து, அவருடைய கைபேசியிலேயே லிங்க்கைத் திறந்து கொடுத்து, "அரைக் கிலோ முறுக்கும் பத்து அதிரசமும் சனிக்கிழமைக்கு வேணும்னு ஆர்டர் பண்ணிப் பாருங்களேன்" என்று மட்டும் சொல்லுங்கள். பையன் பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. "இல்ல ஆன்ட்டி, மேல இருக்கு பாருங்க" கூடவே கூடாது. இது அவனுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கும், உங்களுக்கும்தான். அந்த ஆன்ட்டி முதலில் விளக்குப் படத்தைத் தட்டுவார், விலை வரும் என்று நினைத்து. ஒன்றும் வராது. மறுபடி தட்டுவார், அதற்குள் படம் மாறியிருக்கும். விலைப்பட்டியலுக்கு ஒருவழியாக வந்து சேர்ந்தால் கண்ணாடியைத் தேடுவார். அநேகமாக, "நான் அம்மாவுக்கே போன் பண்ணிச் சொல்லிடறேன் தம்பி" என்று சிரித்துக்கொண்டே கைபேசியைக் கீழே வைப்பார். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்த பையனுக்கு நீங்கள் 22 வரி எழுத வேண்டியதில்லை. பயனர்களை வைத்துச் சோதிப்பதில் பெயர்பெற்ற யாக்கோப் நீல்சன், ஐந்து பேரைப் பார்த்தாலே பெரும்பாலான சிக்கல்கள் தெரிந்துவிடும் என்று 2000-ஆம் ஆண்டிலேயே எழுதினார், பலகாரக் கடைக்கு இரண்டு மூன்று பேர் போதும் என்பேன்.

ஆன்ட்டி போன பிறகு, "நீ என்ன கவனிச்சே?" என்று அவனைக் கேளுங்கள். பாதியை அவனே சொல்லிவிடுவான். அவன் விட்டதை மட்டும் நீங்கள் சொல்லுங்கள், அதையும் நடந்ததாகவே சொல்லுங்கள். 'மெனு சரியில்லை' என்றால் அவன் மனதில் ஒன்றும் நிற்காது, 'விலையைத் தேடி அவங்க மூணு இடத்துல தட்டினாங்க' என்றால் அவனுக்கே அடுத்து என்ன செய்வது என்று தோன்றும். மூன்று விஷயத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்: விலை முதல் பக்கத்தில் எழுத்தாக, தங்க எழுத்துக்குப் பின்னணி, தட்டினால் திறக்கும் வாட்ஸ்அப். எழுத்துரு, படத்தின் எடை எல்லாம் தீபாவளி முடிந்து பார்த்துக்கொள்ளலாம், முறுக்கு விற்பனை அதனால் நிற்காது. (என் பிடிவாதமும் அதுவரை காத்திருக்கும்.) ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: "குடு, நான் பண்ணிடறேன்" என்று லேப்டாப்பை உங்கள் பக்கம் இழுக்காதீர்கள், ஐ.டி.யில் இருக்கும் மாமாக்களின் கை சும்மா இருக்காது.

பாராட்டு பற்றி. முதலில் இரண்டு பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் இன்னொரு பாராட்டு என்று ஒரு முறையை அலுவலகப் பயிற்சிகளில் சொல்லிக்கொடுப்பார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பாராட்டு ஆரம்பித்ததுமே குறை வரப்போகிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிறது. உண்மையிலேயே நன்றாக இருப்பதை, ஏன் நன்றாக இருக்கிறது என்ற காரணத்தோடு, தனியாகச் சொல்லுங்கள். இந்தச் சைட்டில் அப்படி இரண்டு இருக்கின்றன. அக்காவின் கை முறுக்கு அச்சைப் பிடித்துப் பிழிகிற படம், மாவு தட்டில் விழுந்துகொண்டிருக்கிறது, ஓரத்தில் வளையல் தெரிகிறது. இணையத்தில் எடுத்த பலகாரப் படம் போடாமல் அவனே எடுத்துப் போட்டிருக்கிறான், இது வீட்டில் செய்தது என்று அந்த ஒரு படம் நம்ப வைக்கிறது. ஆனால் அது மூன்றாவது பக்கத்தின் அடியில் கிடக்கிறது! இதை ஏன் முன்னால் கொண்டுவரக் கூடாது என்று கேட்டால் அது பாராட்டும் ஆயிற்று, யோசனையும் ஆயிற்று. இரண்டாவது, எடுத்துக்கொள்ளும் நாளையும் நேரத்தையும் தட்டித் தேர்ந்தெடுக்கும்படி வைத்திருக்கிறான், பணம் கொடுத்துச் செய்யவைத்த பெரிய கடைகளின் சைட்டிலேயே இது இல்லாமல் நான் பார்த்திருக்கிறேன். அம்மா வாட்ஸ்அப்பில் 'எப்ப வந்து எடுத்துக்கிறீங்க' என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்துத்தான் வைத்திருப்பான்.

சுழலும் அந்த ஐந்து படத்தைப் பற்றிச் சொல்லும் முன், ஏன் வைத்தாய் என்று கேட்டுவிடுங்கள். எனக்கென்னவோ அதை அவன் வைக்கவில்லை, அக்கா வைக்கச் சொல்லியிருப்பார் என்று தோன்றுகிறது, "எல்லாப் படமும் முன்னாடியே வரணும்பா" என்று. அப்படியென்றால் குறையை நீங்கள் சொல்லவேண்டிய ஆள் வேறு. பையனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது, வாடிக்கையாளர் ஒன்று கேட்டால் அதை எப்படிப் பேசுவது என்பதைத்தான். முடியாது என்றும் சொல்லாமல், சரிம்மா என்று தலையாட்டிவிட்டும் போகாமல், "இந்த ஒரு படம் வெச்சு ஒரு வாரம் பார்ப்போம், ஆர்டர் எப்படி வருதுன்னு பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்று சொல்லப் பழகட்டும். வாடிக்கையாளர் அம்மாவே என்பதால் இது கொஞ்சம் கடினமான பயிற்சிதான், அந்த இடத்தில் தம்பி என்ற உரிமையில் நீங்கள் அக்காவிடம் ஒரு வார்த்தை போட்டுவைக்கலாம்.

அக்காவின் கேள்விக்கு வருகிறேன். முதல் சைட்டை வைத்துத் தொழிலாக எடுக்கலாமா என்று என்னால் சொல்ல முடியாது, யாராலும் முடியாது. இரண்டாவது பதிப்பைப் பார்த்தால் ஓரளவு தெரியும். ஆன்ட்டி தடுமாறியதைப் பார்த்த பிறகு அவன் என்ன மாற்றுகிறான், சொன்ன மூன்றை மட்டும் மாற்றுகிறானா, சொல்லாத ஒன்றையும் அவனே கண்டுபிடித்து மாற்றுகிறானா, அது போதும் எனக்கு. மாற்றும் முன் பழைய பக்கங்களை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நாளைக்கு வேலைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது, முன்னால் இப்படி இருந்தது, இவர் இங்கே தடுமாறினார், அதனால் இப்படி மாற்றினேன் என்று காட்டினால், என்னைப் போல ஆள் எடுக்கிறவர்கள் அதைத்தான் நின்று பார்ப்போம். சைட்டின் முகவரியை, அதாவது டொமைனை, அவன் பெயரில் எடுத்திருந்தால் புதுப்பிக்கும் தேதியை அக்காவும் குறித்துவைத்துக்கொள்ளட்டும், அடுத்த வருடம் பரீட்சை நேரத்தில் மறந்துபோய்த் தீபாவளிக்கு முதல் வாரம் சைட் காணாமல் போனால் வம்பு. அந்தக் காசு அநேகமாக அவன் கைக்காசாகத்தான் இருக்கும், அதையும் அவன் வேலைக்கு ஒரு தொகையையும் சேர்த்து அக்காவைப் பேநவ்வில் பணமாக அனுப்பிவிடச் சொல்லுங்கள்.